பூஜ்ஜியம் விநாடி

போர்ட்டோ நகரம்.
தொலைபேசி நிறுவனத்தின் இரண்டாம் தளம்.
சன்னலைத் திறந்தால் டோரு ஆறு தெரியும்;
திறக்க அனுமதி இல்லை.

காவல்துறை கேட்கும் எண்களுக்கு
ஓராண்டுக் கதையை எடுத்துக் கொடுப்பது என் வேலை.
கதை என்றா சொன்னேன்? தவறு.
பேச்சு எங்களுக்கு வேண்டாம்.
யார், யாரை, எப்போது,
எந்தக் கோபுரத்தடியில் நின்று, எத்தனை விநாடி.
"உறைமேல் எழுதியிருப்பதைத்தானே பார்க்கிறோம்,
கடிதத்தையா பிரிக்கிறோம்?"
என்பார் மேலாளர் அடெரித்து.

பதினாறு வருடமாக உறைகளை மட்டும் பார்க்கிறேன்.
கதிர்வீச்சுச் சிகிச்சை மனைக்கு மூன்று அழைப்பு,
அன்றிரவே ஊரிலிருக்கும் அண்ணனுக்கு
நாற்பது நிமிடம்,
மறுநாள் வக்கீலுக்கு.
பிரிக்க என்ன இருக்கிறது இதில்?

மூன்றாம் தளத்தில்
இதே கோபுரங்களை, இதே நடமாட்டத்தை
செருப்புக் கடைகளுக்கு விற்கிறார்கள்.
அங்கே நீதிபதியின் கையெழுத்தை யாரும் கேட்பதில்லை.
என்றோ ஒரு நாள் பேருந்துக்கு ஓடியபடி
நீங்கள் கட்டைவிரலால் தொட்ட
'சம்மதம்' போதும்.
எனக்கோ முத்திரை வேண்டும், தேதி வேண்டும்,
குற்றப்பிரிவின் எண் வேண்டும்.
அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.
மின்தூக்கியில் மேலே போகிறவர்களை
ஒரு மாதிரி பார்ப்பேன்.

செவ்வாய்க்கிழமை வந்த ஆணையில்
பதினொரு எண்கள்.
ஏழாவது இடலினாவுடையது.

என் தங்கை.
மத்தூசின்யுஷ் துறைமுகத்தில்
மத்தி மீனை டப்பாவில் அடைக்கிறாள், இரவுப் பணி.
போன மாதம் வேலைநிறுத்தத்துக்கு
மேசை மேசையாகப் போய்க் கையெழுத்து வாங்கியவள்.

முத்திரை இருந்தது. தேதி இருந்தது.
கடைசிப் பத்தியும் வழக்கம்போல் இருந்தது:
சம்பந்தப்பட்டவருக்கோ வேறெவருக்குமோ
சொல்லாலோ எழுத்தாலோ சைகையாலோ
தெரிவிக்கக் கூடாது.
சைகை.
யாரோ நன்றாக யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

உறவென்றால் ஒதுங்கிக்கொள்ளலாம், விதி உண்டு.
ஒதுங்கினால்
பக்கத்து மேசை எடுத்துக் கொடுக்கும்,
சாண்ட்விச் தின்றபடி.

பட்டியலை இறக்கினேன்.
அவள் அதிகம் அழைத்த எண்
என்னுடையது.
இருநூற்று நாற்பத்தொரு முறை.
அதிகாலை இரண்டு பத்து, இரண்டு பதினைந்து,
ஒருமுறை மட்டும் மூன்றரை.
எல்லாம் பூஜ்ஜியம் விநாடி.

வேறொன்றுமில்லை.
துறைமுகச் சாலையில் பாதி விளக்கு எரியாது.
வீடு சேர்ந்து கதவைத் தாழிட்டதும்
ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள்.
எடுக்க மாட்டேன். எடுக்காததுதான் பதில்.
அந்த மூன்றரை மணி நாள்
சட்டை மாட்டி, சாவியைக் கையில் வைத்து
வாசலிலேயே நின்றிருந்தேன்.
அதற்குப் பட்டியலில் கட்டம் இல்லை.

ஆனாலும் அந்த வரிசையைப் பார்க்கப் பார்க்க
எனக்கே சந்தேகம் வந்தது.
யார் இவன்,
நடுராத்திரியில் இத்தனை முறை கூப்பிட்டும்
வாய் திறக்காதவன்?
இவனையும் சேர்த்துக் கேட்கலாமே.

மாலை ஐந்துக்கு அனுப்பிவிட்டேன்.
ஆம், அனுப்பினேன்.
வீட்டில் சூப்பைச் சுடவைத்து
ஆறவிட்டு
மறுபடி சுடவைத்தேன்.

இரண்டு பன்னிரண்டுக்கு
மேசைமேல் போன் நடுங்கியது.
முதல் மணியிலேயே எடுத்தேன்.

அந்தப் பக்கம் மூச்சு.
பாதி கழற்றிய ரப்பர் காலணியின் சத்தம்.
"டெல்மு? என்ன ஆச்சு?"
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாலும் இல்லை, எழுத்தாலும் இல்லை.
அவளும் கொஞ்சம் நேரம் பேசவில்லை.
பிறகு மெல்ல, "ஓ" என்றாள்.
வைத்துவிட்டாள்.

ஒன்பது விநாடி.
அடுத்த பட்டியலில் வரும்.
எடுத்துக் கொடுக்க வேண்டியவன் நான்தான்.